கைப்பேசிக்குள்ளும் ஒரு ஊர், ஒரு சேரி

(சானமாவில் இயக்கத் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை கூடியவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



தேர்தலில் நிற்கிறவங்க இணையதளத்தையும் சமூக ஊடகத்தையும் எப்படிப் பயன்படுத்துறாங்க என்பது பற்றிப் பேசச் சொல்லியிருக்கீங்க. இதைத் தொழில்நுட்பச் சங்கதியாகப் பேசிட்டு உக்காந்துடலாம். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதுது. நாம வேற இடத்தில இருந்து தொடங்கணும். ஊடகம் யார் கையில் இருக்கு? அதில் பேசுறது யாரு? யாரைப் பத்திப் பேசுறாங்க? கேக்குறதுக்கு மட்டும்னு யாரை உக்கார வச்சிருக்காங்க?

நமக்கு இது புதுக் கேள்வி இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். 1920இல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ தொடங்கினபோது, காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் திலகரின் ‘கேசரி’ போட மறுத்தது. அப்போ இவங்க எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செஞ்சிருக்காங்க: அடுத்தவன் பத்திரிகையில் இடம் கிடைக்காதுன்னு தெரிஞ்சு தனக்குன்னு ஒரு பத்திரிகை வச்சாங்க. இன்னைக்கு ஒரு கைப்பேசி இருந்தா எல்லாருமே பத்திரிகை வச்ச மாதிரின்னு சொல்றாங்க. அது பாதி உண்மை. மீதிப் பாதியைப் பத்தித்தான் நான் பேசப் போறேன்.

நம்ம மாவட்டத்திலேயே ஒரு உதாரணம் இருக்கு. 1996இல் பர்கூர் தொகுதியில் முதலமைச்சராக இருந்த ஜெயலலிதாவே தோத்துப் போனார். அந்தத் தேர்தலில் ரஜினிகாந்த் தொலைக்காட்சியில் பேசினது பெரிய விஷயமாச்சு. 1993இல் வந்த சன் தொலைக்காட்சி மூணே வருசத்தில் தேர்தல் களத்துக்குள்ள வந்துடுச்சு. அந்தத் தொலைக்காட்சி எல்லாத் தெருவுக்கும் ஒரே மாதிரிதான் பேசிச்சு. ஊர்த் தெருவில் கேட்டதையேதான் காலனியிலும் கேட்டோம். கைப்பேசி அப்படி இல்லை. ஊருக்கு ஒண்ணு, காலனிக்கு ஒண்ணு அதால பேச முடியும். ரெண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான்.

எப்படி வந்துச்சுன்னு பாப்போம். 2008இல் அமெரிக்காவில் ஒபாமா தேர்தலில், ஆதரவாளர்களை இணையதளம் வழியாத் திரட்டி, அவங்ககிட்டயே சின்னச் சின்னத் தொகையா நன்கொடை வாங்கி, வீடு வீடா அனுப்பினாங்க. இந்தியாவில் 2013 அக்டோபர் 25 அன்று தேர்தல் ஆணையம் ஒரு அறிவுறுத்தல் போட்டது. வேட்பாளர் தன் சமூக ஊடகக் கணக்குகளை வேட்புமனுவோடு கொடுக்கிற படிவம் 26இல் எழுதணும். காசு கொடுத்துப் போடுற விளம்பரத்துக்கு முன்அனுமதி வாங்கணும். இணைய நிறுவனத்துக்குக் கொடுக்கிற பணம், பதிவு தயாரிக்கிற செலவு, கணக்கை நடத்துற ஆட்களோட சம்பளம் எல்லாம் தேர்தல் செலவுக் கணக்கில் வரணும். அடுத்த 2014 தேர்தலில் மோடி முப்பரிமாணப் பிம்பமா ஒரே நேரத்தில் பல ஊர் மேடைகளில் தோன்றினார். கட்சிக்கு வெளியே இருக்கிற ஒரு குழு பிரச்சாரத்தை வடிவமைக்கலாம்னு அப்போ எல்லாக் கட்சியும் கத்துக்கிட்டது.

தமிழ்நாட்டில் 2020 பிப்ரவரியில், பிரசாந்த் கிஷோரின் ஐபேக் நிறுவனத்தோடு சேர்ந்து வேலை செய்யப் போவதாகத் தி.மு.க. அறிவித்தது. 2021இல் ஆட்சியும் பிடித்தது. மற்ற பெரிய கட்சிகளும் இந்த மாதிரி ஆட்களை வைத்துத்தான் வேலை பார்க்குது. நான் இந்தக் கட்சி அந்தக் கட்சின்னு பேசலை, இதில் நமக்கு என்ன ஆச்சுன்னு கேக்குறேன். முன்னாடி கட்சிக்கு ஒரு பேச்சாளர் வேணும், சுவர் எழுதுறவர் வேணும், கொடி கட்டுறவர் வேணும். சேரியில் இருந்து கட்சிக்குள்ள போனவங்களுக்குக் கிடைச்ச வேலை பெரும்பாலும் இதுதான். பெரிய மரியாதை இல்லைதான். ஆனா அந்த வேலை வழியா ஒரு கிளைச் செயலாளர் வந்தார், அவர் மூலமா நம்ம தெருவோட குறை மேலே போச்சு. இப்போ என்ன எழுதணும்னு தீர்மானிக்கிறது குளிர்சாதன அறையில் இருக்கிற சம்பளக்காரர். அவருக்கு நம்ம தெரு ஒரு பூத் எண், அவ்வளவுதான்.

பிம்பத்துக்கும் தெருவுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்க. 2012 நவம்பர் 7 அன்று பக்கத்து தருமபுரியில் நத்தம் காலனி எரிந்தது. பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் அந்தக் காலகட்டத்தில்தான் சாதி மறுப்புத் திருமணங்களை ‘நாடகக் காதல்’ என்று சொல்லி, தலித் அல்லாத சாதிகளைத் திரட்டி ஊர் ஊராகக் கூட்டம் போட்டார். மூணே வருசம். அதே கட்சி அன்புமணியை முதல்வர் வேட்பாளராக அறிவிச்சு, ‘மாற்றம் முன்னேற்றம் அன்புமணி’ என்று பதாகையிலும் முகநூலிலும் இறங்கியது. அந்தப் படங்களில் சாதி இல்லை. மடிக்கணினி இருந்துச்சு, வளர்ச்சி இருந்துச்சு, நவீனம் இருந்துச்சு. நத்தம் காலனி எங்கேயும் இல்லை. வெறும் பிம்பம் ஓட்டாகாதுங்கிறதுக்கும் அந்தத் தேர்தல்தான் சாட்சி. 2016இல் அந்தக் கட்சிக்கு ஒரு இடமும் கிடைக்கலை. பென்னாகரத்தில் அன்புமணியே தோத்தார். ஆனா பழையதை மறைக்கிறதுக்கு இந்த ஊடகம் எவ்வளவு வசதியானதுன்னு அதில் தெரிஞ்சுபோச்சு.

இன்னொரு உதாரணம் நம்ம வயித்தோட சம்பந்தப்பட்டது. 1892இல் பஞ்சமருக்குன்னு ஒதுக்கத் தொடங்கின நிலம் எப்படிக் கைமாறிப் போச்சுன்னு நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காரணையில் பஞ்சமி நிலத்துக்காகப் போராடின ஜான் தாமஸ், ஏழுமலை ரெண்டு பேரும் 1994இல் செங்கல்பட்டில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தாங்க. 2019 அக்டோபரில் ‘அசுரன்’ படம் வந்தது. அதில் பஞ்சமி நிலம் பேசப்பட்டதைப் பாராட்டி ஸ்டாலின் ட்விட்டரில் எழுதினார். முரசொலி அலுவலகம் இருக்கிற இடமே பஞ்சமி நிலம்தானேன்னு ராமதாஸ் அதே ட்விட்டரில் கேட்டார். ஸ்டாலின் பட்டாவைப் படமெடுத்துப் போட்டார். அப்போ விக்கிரவாண்டி, நாங்குநேரி இடைத்தேர்தல் நேரம். விஷயம் ஆணையம், நீதிமன்றம் வரைக்கும் போச்சு. ரெண்டு பக்கத்து ஆட்களும் நாள் கணக்கா எழுதித் தீத்தாங்க. தமிழ்நாடு பூராவும் பஞ்சமி நிலம் எத்தனை ஏக்கர் யார் கையில் இருக்கு, அதை எப்போ திருப்பிக் கொடுக்கப் போறீங்கங்கிற கேள்வி அந்தச் சண்டையில் எங்கே போச்சு? ரெண்டு தலைவர்கள் ஒருத்தர் மேல ஒருத்தர் எறியுற கல்லா நம்ம நிலம் ஆகிப்போச்சு. நம்ம பிரச்சினை பேசப்படுறது வேற, நாம பேசுறது வேற. இதை மறந்துடாதீங்க.

இப்போ நான் சொன்ன ‘ரெண்டு விதமாப் பேசுற’ விஷயத்துக்கு வர்றேன். ஒரு தெருவுக்கு மட்டும் தனியாப் பேசணும்னா முதல்ல என்ன வேணும்? பட்டியல் வேணும். யார் எந்த பூத், என்ன சாதி, என்ன நம்பர். 2021 புதுச்சேரித் தேர்தலில் என்ன நடந்துச்சுன்னா, வாக்காளர்களுக்கு பா.ஜ.க. பேரில் குறுஞ்செய்தி வந்தது. அதில் இருக்கிற இணைப்பைத் தொட்டா அந்தந்த பூத்துக்கான வாட்ஸ்அப் குழுவில் கொண்டுபோய் விடும். ஆதாரோடு இணைச்ச நம்பருக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு வாலிபர் சங்கத்துக்காரர்கள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனாங்க. நாங்க வீடு வீடாப் போய் வாங்கின நம்பர்னு கட்சி சொன்னது. எங்ககிட்ட இருந்து போகலைன்னு ஆதார் ஆணையம் சொன்னது. நம்பும்படியான குற்றச்சாட்டுன்னு கருதி விசாரிக்கச் சொன்னது நீதிமன்றம். உலக அளவில் பார்த்தா, 2018இல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரம் வெளியே வந்தபோது 8 கோடியே 70 லட்சம் பேரோட முகநூல் விவரம் போயிருக்கலாம்னு அந்த நிறுவனமே ஒத்துக்கிட்டது. அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 5 லட்சத்து 62 ஆயிரம் பேர்.

மத்தவங்களுக்கு இது அந்தரங்கம் பத்தின விஷயம். நமக்கு அதோட நிக்காது. சாதி போட்ட பட்டியல் ஒருத்தன் கையில் இருந்தா, அது ஓட்டுக் கேக்க மட்டும்தான் உதவும்னு நினைக்கிறீங்களா? எந்தத் தெருவுக்கு ரேசன் கடை, எந்தத் தெருவுக்கு ரோடு, கலவரம்னா எந்தத் தெருன்னு எல்லாத்துக்கும் அதே பட்டியல் போதும்.

கலவரம்னு சும்மா சொல்லலை. 2015இல் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். அந்த வழக்கின் முதல் குற்றவாளி யுவராஜ் தலைமறைவா இருந்துக்கிட்டே வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பிக்கிட்டு இருந்தார். அவரை வீரனா நினைச்சு அதைப் பரப்ப இளைஞர்கள் இருந்தாங்க. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. தண்டனை வர ஏழு வருசம் ஆச்சு. குரல் பதிவு பரவ ஒரு ராத்திரி போதும். 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். சிதம்பரம் தொகுதிக்குள்ள இருக்கிற பொன்பரப்பியில், விடுதலைச் சிறுத்தைகளின் பானைச் சின்னத்தை இழிவுபடுத்திப் பானையை உடைச்சதில் தொடங்கின தகராறில் தலித் மக்களோட வீடுகள் அடிச்சு நொறுக்கப்பட்டது. அதே நாட்களில் புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாப் பேசின வாட்ஸ்அப் குரல் பதிவால கலவரமாகி 144 தடை போட்டாங்க. தேர்தல் சூட்டில் சாதிக் குழுவுக்குள்ள விழுற ஒரு பொய், வேட்பாளர் பக்கத்துக்கு வரவே வராது. வேட்பாளர் பக்கத்தில் சமத்துவப் பொங்கல் படம் இருக்கும். அழுக்கு வேலை எல்லாம் பேர் இல்லாத கணக்கில் நடக்கும். முகநூலைத் திறந்து யாரு வேணாலும் பாக்கலாம், வாட்ஸ்அப் குழுவுக்குள்ள என்ன ஓடுதுன்னு வெளியாள் பாக்க முடியாது. ஊருக்கும் சேரிக்கும் நடுவில் இருக்கிற எல்லை இப்போ கைப்பேசிக்குள்ளேயும் வந்துடுச்சு.

தனித் தொகுதியில் இது இன்னும் கூர்மையாகுது. தமிழ்நாட்டில் 234இல் 44 தொகுதி நமக்கு ஒதுக்கினது. நம்ம மாவட்டத்தில் ஊத்தங்கரை. 1932 பூனா ஒப்பந்தத்தோட விளைவு என்னன்னா, நம்ம ஆள் நம்ம ஓட்டால மட்டும் ஜெயிக்க முடியாது. ஊர்க்காரங்களைச் சங்கடப்படுத்தாத ஆளாத் தன்னைக் காட்டணும். முன்னாடி மேடையில் கையைக் கட்டிக்கிட்டு நிக்க வச்சாங்க. இப்போ பக்கத்தை நடத்துறதே கட்சியோட ஐ.டி. பிரிவு. வேட்பாளர் முகம் மட்டும் கொடுத்தாப் போதும். வன்கொடுமை நடந்தா அந்தப் பக்கத்தில் ஒரு வரி வராது, திருவிழா வாழ்த்து தவறாம வரும். அம்பேத்கர் படம் ஏப்ரல் 14லயும் டிசம்பர் 6லயும் எல்லாக் கட்சிப் பக்கத்திலும் வருது. மத்த 363 நாள் என்ன எழுதினாங்கன்னு எண்ணிப் பாருங்க.

பணத்தைப் பத்தியும் சொல்லணும். 2022இல் இருந்து சட்டமன்ற வேட்பாளர் செலவு உச்சவரம்பு 40 லட்சம், நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம். இது வேட்பாளருக்குத்தான். கட்சி தன் பேரில் செய்யுற பொதுப் பிரச்சாரத்துக்கு உச்சவரம்பே கிடையாது. ‘நண்பர்கள்’, ‘ரசிகர்கள்’னு பேர் வச்ச பக்கங்களுக்கு யார் காசு கொடுக்கிறாங்கன்னு தேடிப் பிடிக்கிறது லேசில்லை. அப்புறம் செயற்கை நுண்ணறிவு. 2024 ஜனவரியில் கலைஞர் திரையில் தோன்றி வாழ்த்தினார். பிப்ரவரியில் ஜெயலலிதா குரல் பேசிச்சு. ரெண்டு பேருமே உயிரோட இல்லை. போலிக் காணொளி கவனத்துக்கு வந்தா 3 மணி நேரத்துக்குள்ள கட்சிகள் நீக்கணும்னு 2024 மே மாதம் ஆணையம் சொன்னது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19 அன்றே வாக்குப்பதிவு முடிஞ்சிருந்தது.

அப்போ தூக்கி எறிஞ்சிடலாமா? முடியாது, கூடாது. கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் ஊராட்சித் தலைவரைத் தரையில் உக்கார வச்சுக் கூட்டம் நடத்தினாங்க. 2020 அக்டோபரில் அந்தப் படம் கைப்பேசி வழியாப் பரவினதுக்கு அப்புறம்தான் நாடு பாத்தது, வழக்கு வந்தது. 1997இல் மேலவளவில் முருகேசனையும் மத்தவங்களையும் வெட்டினப்போ இந்த வசதி நமக்கு இல்லை. பானைச் சின்னத்தையும் எடுத்துக்குங்க. நிலையான சின்னம் இல்லாம இருந்த காலத்தில் அந்தக் கட்சிக்கு, சின்னம் கையில் வந்ததே கடைசி நேரத்தில். அதைச் சில நாளில் ஒரு தொகுதி முழுக்கக் கொண்டு சேக்க வேண்டியிருந்துச்சு. அந்த வேலையில் நம்ம பிள்ளைகளோட கைப்பேசிக்குப் பங்கு உண்டு. 2016இல் காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் 87 ஓட்டில் தோத்தார். 2019இல் சிதம்பரத்தில் 3,219 ஓட்டில் ஜெயிச்சார். இப்படிப்பட்ட வித்தியாசத்தில் ஒவ்வொரு தெருவும் கணக்கு.

ஆகவே நம்ம வேலை என்ன? இந்தச் சானமாவுக்காரங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒண்ணை வச்சே சொல்றேன். காட்டுக்கு யானைக் கூட்டம் வந்தா செய்தி ஓடுது. அந்தச் செய்தியில் எந்த இடம், எத்தனை மணி, எத்தனை யானைன்னு இருக்கும். அது இல்லாட்டி யாரும் அதை வச்சு ராகிக் காட்டுக்குக் காவல் போக மாட்டீங்க. வேட்பாளர் செய்தியையும் அதே மாதிரிக் கேளுங்க. ‘பாடுபடுவேன்’ என்றால் எந்த இடத்தில், எப்போ, எவ்வளவு? ஓசூருக்கு விமான நிலையம்னு 2024இல் சட்டமன்றத்தில் அறிவிச்சாங்க. அந்தப் படம் எல்லார் பக்கத்திலும் ஓடிச்சு. சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளியா இருக்கிற நம்ம பிள்ளையோட சம்பளம், சுடுகாட்டுப் பாதை, வீட்டுமனைப் பட்டா, இதுக்கு என்ன தேதி?

ரெண்டாவது, சட்டம் அவங்க பக்கத்தில் கட்டாயமாப் போடச் சொல்ற ஒரே விஷயத்தைத் தேடுங்க. 2020 பிப்ரவரி 13 அன்று உச்சநீதிமன்றம் சொன்னது: குற்ற வழக்கு இருக்கிறவரை நிறுத்தினா, என்ன வழக்கு, ஏன் அவரை விட்டா வேற ஆள் இல்லை என்கிற காரணத்தைக் கட்சி தன் இணையதளத்திலும் முகநூல், ட்விட்டரிலும் வெளியிடணும். ஜெயிக்கக் கூடியவர் என்பது காரணம் ஆகாது. இதைச் சரியாச் செய்யாத கட்சிகளுக்கு 2021 ஆகஸ்டில் அபராதம் போட்டது. அந்தப் பட்டியலில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு இருக்கான்னு பாருங்க. இருந்தா அந்தப் பக்கத்தை அச்செடுத்து காலனி டீக்கடையில் ஒட்டுங்க. அந்த வழக்கோட யோக்கியதை என்ன, எந்தக் கட்டத்தில் நிக்குதுன்னும் சேத்து எழுதுங்க. நாம பொய் பரப்பக் கூடாது. பொய் பரவினா முதல்ல எரியுறது நம்ம கூரை.

மூணாவது, முகநூலோட விளம்பர நூலகம் 2019இல் இருந்து எல்லாருக்கும் திறந்திருக்கு. எந்தப் பக்கம், யார் பேரில், எவ்வளவு காசுக்கு அரசியல் விளம்பரம் போட்டதுன்னு பாக்கலாம். கல்லூரி மாணவர்கள் தொகுதிக்கு ரெண்டு பேர் உக்காந்து குறிச்சு வையுங்க. வேட்பாளர் ஒப்படைக்கிற செலவுக் கணக்கோட ஒப்பிடுங்க. நாலாவது, சர்வேன்னு வந்து பேர், நம்பர், சாதி கேட்டா, யாருக்காக, எதுக்காகன்னு கேளுங்க. பதில் இல்லைன்னா கொடுக்காதீங்க. வீட்டில் இருக்கிற அக்கா, அம்மாவுக்கும் சொல்லி வையுங்க. அஞ்சாவது, நமக்கே ஒரு குழு இருக்கட்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம்னு இந்த எல்லையில் நம்ம சனங்க பேசுற மொழியில் இருக்கட்டும். வாக்குறுதியைத் தேதியோட படமெடுத்துச் சேத்து வைக்கிறதுக்கு அதைப் பயன்படுத்துங்க. ஜெயிச்ச பிறகு பதிவை அழிச்சாலும் நம்மகிட்ட இருக்கும்.

கடைசியா ஒண்ணு. 2018 நவம்பரில் நம்ம சூளகிரிப் பக்கத்து இளைஞர் ஒருத்தரையும் அவர் கல்யாணம் பண்ணிக்கிட்ட பெண்ணையும் கொன்னு காவிரியில் போட்டாங்க. உடல்கள் கிடைச்சது கர்நாடகத்தில். தலித் இளைஞர் சாதி தாண்டிக் கல்யாணம் பண்ணினதுதான் அவர் செஞ்ச ‘குற்றம்’. அடுத்து எந்தத் தேர்தல் வந்தாலும், இந்தப் பகுதியில் ஓட்டுக் கேக்கிற ஒவ்வொரு வேட்பாளர் பக்கத்துக்கும் போங்க. ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேணுமா வேண்டாமான்னு ஒரே ஒரு கேள்வியை எழுதுங்க. நூறு பேர் எழுதுங்க. எல்லாரும் பாக்கிற இடத்தில் பதில் சொல்லட்டும். காலனிக் குழுவில் ஒரு பதில், ஊர்க் குழுவில் ஒரு பதில்னு சொல்ல விடாதீங்க. கேள்வியை அழிச்சா அழிச்சதையும் படமெடுத்து வச்சுக்கிட்டு, ஓட்டுக் கேட்டுத் தெருவுக்கு வரும்போது நேரில் கேளுங்க. அப்போ வாசலில் ரெண்டு பேர் நின்னு கேக்கிறதை விட, தெருவே நின்னு கேக்கணும். அந்தத் தெருவைத் திரட்டுற வேலையை எந்த நிறுவனமும் நமக்குச் செஞ்சு தராது, தோழர்களே. அது நம்ம வேலை.